ஒன்றரை மீட்டர் குறைந்த பாய்மரம்

2018 ஜூலை 1 அன்று பிரான்ஸின் மேற்குக் கரையில் உள்ள லே சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து ஒரு பந்தயம் கிளம்பியது. பெயர் கோல்டன் குளோப். ஒரு ஆள், ஒரு படகு, எங்கும் நிற்காமல் உலகை ஒரு சுற்று. 1968இல் நடந்த முதல் பந்தயத்தின் காலத்தில் என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஜிபிஎஸ் பார்க்கக் கூடாது. படகு 32 அடிக்கும் 36 அடிக்கும் இடையில், 1988க்கு முன் வரையப்பட்ட பழைய வடிவமாக இருக்க வேண்டும். கார்பன் நாரில் செய்த பாய்மரத்துக்கு அனுமதி இல்லை.

போட்டியாளர்களில் ஒருவர் ஜான்-லூக் வான் டென் ஹீட். வயது 73. 2004இல் காற்றுக்கு எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக, தன்னந்தனியாக 122 நாளில் உலகைச் சுற்றிச் சாதனை வைத்தவர். இந்தத் தடவை அவர் தேர்ந்தெடுத்தது ரஸ்லர் 36 என்ற படகு. பந்தயத்துக்கென்று பிறந்ததில்லை, குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் வாங்குகிற, கனமான, நிதானமான படகு. கிளம்புவதற்கு முன் அதில் அவர் செய்த முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. பாய்மரத்தின் உயரத்தில் 1.5 மீட்டரைக் குறைத்துவிட்டார்.

மரம் குட்டையானால் பாய் சின்னதாகும், பாய் சின்னதானால் வேகம் குறையும். ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறவர் காலைக் குட்டையாக்கிக்கொண்டு போன கதையாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 1.5 மீட்டரில் ஒரு பயணப் படகின் பாய்மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. மீதிப் பாதி, பயணத்தின் நடுவில் அவர் மரத்தில் விழுந்த ஒரு கிழிசலில் இருக்கிறது.

பாய்மரம் என்றதும் தரையில் ஊன்றிய தூண்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது எண்பதுகளில் நம் மொட்டைமாடிகளில் நின்ற ஆண்டெனா கம்பத்துக்கு நெருங்கிய சொந்தம். ரூபவாகினி தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு மூன்று ஜிஐ பைப்பை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கைப்பிடிச் சுவரில் கட்டியிருப்பார்கள். பைப்பைத் தனியாக நிறுத்தினால் ஒரு நாள் காற்றுக்குத் தாங்காது. ஒரு கம்பி தளர்ந்தால் வில்லாக வளையும். அறுந்தால் அடுத்த வீட்டு ஓட்டில் கிடக்கும். படகிலும் அதே கதைதான். அலுமினியக் குழாய் ஒன்று, அதைச் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள். இரண்டு பக்கமும் பிடிப்பவை ஷ்ரவுட். முன்னும் பின்னும் பிடிப்பவை ஸ்டே. கம்பி மரத்தோடு ஒட்டிப் போனால் பிடிப்பு இருக்காது என்று அதைத் தள்ளி வைக்கக் குறுக்கே நீட்டிய கைகள் ஸ்ப்ரெடர். கம்பியின் கீழ்முனையைப் படகின் உடம்போடு இணைக்கும் உலோகப் பட்டை செயின்பிளேட். இவ்வளவையும் சேர்த்து ரிக் என்பார்கள். மரத்துக்குச் சங்க காலத்தில் கூம்பு என்றே அழகான ஒரு சொல் இருந்தது. இன்று அதைச் சொன்னால் ஐஸ்கிரீம் ஞாபகம்தான் வரும்.

இந்தக் கம்பிகள் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? காற்றின் வேகத்தை வைத்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். வடிவமைப்பாளர்கள் அங்கே தொடங்குவதில்லை. காற்று அதிகமானால் படகு சாய்ந்துகொடுக்கும், சாய்ந்தால் பாயின் மேலே விழும் காற்று நழுவிப் போகும். அதனால் ரிக்கின் மேல் ஏறும் பாரத்துக்கு உச்சவரம்பு போடுவது காற்றில்லை, படகின் பிடிவாதம். சாய்த்தால் திரும்ப நிமிர எவ்வளவு வலுவாக முயல்கிறதோ அவ்வளவு பாரம் கம்பியில் ஏறும். 30 பாகை சாய்வில் அந்த நிமிர்த்து வலு என்ன என்று பார்ப்பது வழக்கம்.

ஒரு உத்தேசக் கணக்கு போடலாம். படகு 7 டன். 30 பாகை சாய்ந்திருக்கும்போது அதன் எடை கீழ்நோக்கி இழுக்கும் கோட்டுக்கும் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் கோட்டுக்கும் அரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நிமிர்த்து வலு 3.5 டன்-மீட்டர். செயின்பிளேட் படகின் நடுக்கோட்டிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இருந்தால், காற்று வரும் பக்கத்து ஷ்ரவுட்களில் மட்டும் சுமார் 2.3 டன் இழுவை. கம்பி மேலே இழுத்தால் மரம் அதே அளவுக்குக் கீழே அழுத்தப்படும். முன், பின் ஸ்டேக்களின் இழுவையும் அதோடு சேரும். அலை மேலிருந்து படகு தொப்பென்று விழும்போது இது இன்னும் எகிறும். 8 மி.மீ. எஃகுக் கம்பி சுமார் 5 டன்னில்தான் அறும். அப்படியானால் இரண்டு மடங்கு இடம் இருக்கிறதே என்று நிம்மதிப்பட வேண்டாம். அந்த இடம் முழுவதும் அலைக்கும் வருடக்கணக்கில் சேரும் களைப்புக்கும் ஒதுக்கியது. உரிமையாளரின் புது யோசனைகளுக்கு அதில் பங்கில்லை.

இப்போது ஒருவர், முன்பாயை இன்னும் உள்ளே இழுத்துக் கட்டினால் காற்றை எதிர்த்துக் கூர்மையாகப் போகலாமே என்று செயின்பிளேட்டை 30 செ.மீ. உள்ளே நகர்த்துகிறார். 3.5ஐ 1.2ஆல் வகுத்தால் 2.9 டன். கம்பி அதே கம்பி, மரம் அதே மரம், பாரம் மட்டும் கால் பங்கு கூடிவிட்டது. ரிக் மாற்றங்களில் இதுதான் வழக்கமான தலைவலி. ஒரு மூலையில் கை வைத்தால் கணக்கு இன்னொரு மூலையில் ஏறும்.

சரி, மரத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? 12 மீட்டர் மரத்தை 10.5 ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். எட்டில் ஒரு பங்கு போகிறது. பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கழியின் நீளம் மாறாமல் இருந்தால் பாயின் பரப்பும் எட்டில் ஒன்றுதான் குறையும். ஆனால் பாய் படகைச் சாய்க்கும் வலு, பரப்பையும் உயரத்தையும் பெருக்கி வருவது. அது 23 விழுக்காடு இறங்குகிறது. மரத்தின் எடை படகை மேலிருந்து கவிழ்க்கப் பார்க்கும் வலுவும் அதே 23. அழுத்தத்தில் வளைந்து ஒடிவதற்கு எதிராக மரம் நிற்கும் திறன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிராகப் போகும். அதாவது அதே குழாய் 31 விழுக்காடு கூடுதல் பாரம் தாங்கும். எட்டில் ஒரு பங்கு பாயைக் கொடுத்துவிட்டு இவ்வளவு வாங்குவது நல்ல பேரம். வருடம் முழுக்க மெல்லிய காற்றில் ஓட்டுகிறவருக்கு அது நஷ்டம். தென்பெருங்கடலில், 40 பாகை அட்சரேகைக்குக் கீழே, பாயை விரிப்பதைவிடச் சுருக்குவதே பாதி நேர வேலை. எப்படியும் சுருட்டி வைக்கப் போகிற பாய்க்காக 1.5 மீட்டர் குழாயை உச்சியில் எதற்குச் சுமக்க வேண்டும் என்பதுதான் வான் டென் ஹீட்டின் கணக்காக இருந்திருக்கும்.

மரத்தை வெட்டுவது என்று வந்தால் அடுத்த கேள்வி மேலேயா, கீழேயா. கீழே வெட்டினால் ரம்பத்துக்கு வேலை சுலபம். ஆனால் அடியில் 1.5 மீட்டர் போனால் பாயின் அடித்தாங்கு, அதாவது பூம், அதே 1.5 மீட்டர் இறங்கி, உட்கார்ந்திருப்பவர் கழுத்துக்கு நேரே வந்துவிடும். அதைப் பெயர்த்து மேலே ஏற்ற வேண்டும். ஸ்ப்ரெடர்களும் இறங்கியிருக்கும்; கம்பி புறப்படும் கோணங்கள் எல்லாம் மாறியிருக்கும். மேலே வெட்டினால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. ஆனால் உச்சியில் உள்ள உலோக வார்ப்பை, கம்பிகள் வந்து சேர்வதும் பாய் ஏற்றும் கயிறு திரும்பும் உருளைகள் இருப்பதும் அங்கேதான், கழற்றித் திரும்பப் பொருத்த வேண்டும். உச்சியை நோக்கி மெலிந்துகொண்டே போகும் மரமாக இருந்தால் பழைய வார்ப்பு புது வெட்டில் உட்காராது. இரண்டில் எதைச் செய்தாலும் பாய்களைப் புதிதாக வெட்டித் தைக்க வேண்டும், எல்லா நீளக் கம்பிகளையும் மாற்ற வேண்டும். ரம்பம் பத்து நிமிடம் ஓடும். மற்ற வேலை ஒரு பருவத்தைத் தின்னும்.

மேலே எடை குறைவது எப்போதும் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். அங்கேதான் கடல் ஒரு முடிச்சு போடுகிறது.

1979 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தைப் புயல் பிடித்தது. கிளம்பியவை 303 படகுகள். பந்தய மாலுமிகள் 15 பேர் இறந்தார்கள். பல படகுகள் முழுக்கப் புரண்டு மரத்தை இழந்தன. பிறகு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் விட்டு, உடையும் அலையால் அடித்துப் பார்த்தார்கள். மரம் இல்லாத படகு சுலபமாகக் கவிழ்ந்தது. மரம் இருந்தது கவிழாமல் தாக்குப்பிடித்தது. காரணம், கழைக்கூத்தாடியின் கையில் இருக்கும் கழி. நீளமான கழி திரும்ப மறுக்கும். எடை எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே இதில் பெரிது, ஏனென்றால் தூரத்தின் வர்க்கம் கணக்கில் வருகிறது. படகின் மொத்த எடையில் சிறு பங்கே ஆன மரம், புரளலை மறுக்கும் நிலைமத்தில் பெரும்பங்கைக் கொடுக்கிறது. அலையின் அடி ஒன்றிரண்டு நொடிதான். அந்த நொடிகளுக்குள் படகு திரும்பாமல் தயங்கினால் போதும், அலை கடந்து போய்விடும்.

நம் கணக்கில் 12 மீட்டர் மரம் 10.5 ஆகும்போது இந்த நிலைமம் மூன்றில் ஒரு பங்கு போகிறது. 23 விழுக்காடு லாபத்தோடு 33 விழுக்காடு நஷ்டமும் வருகிறது. குட்டை மரமுள்ள படகு சாய்ந்த பிறகு கெட்டியாக நிமிரும். ஆனால் அலையின் முதல் அடிக்கு விரைவாகத் துள்ளும். விலை உயர்ந்த கார்பன் மரத்துக்கு மாறியவர்கள் சிலர், வேகம் கூடியது, ஆனால் நங்கூரமிட்டு நிற்கும்போது படகு வெடுக் வெடுக்கென்று ஆடுகிறது என்று குறைப்படுவதும் இதனால்தான். அதற்காக மேலே எடை ஏற்றலாம் என்றும் அர்த்தமில்லை. 10 கிலோ ராடாரை 10 மீட்டர் உயரத்தில் மாட்டினால், அதை ஈடுகட்ட ஒரு மீட்டர் கீழே 100 கிலோ ஈயம் வேண்டும். மரத்துக்குள்ளேயே பாயைச் சுருட்டும் அமைப்பு இதைவிடப் பாரம். வசதிக்காக அதை வைத்துக்கொள்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சிற்றேட்டில் இந்தக் கணக்கை யாரும் அச்சிடுவதில்லை.

2018 பந்தயத்துக்குத் திரும்புவோம். அந்த ஒரே பந்தயத்தில் ஐந்து படகுகள் மரத்தை இழந்தன. நம் கடற்படையின் அபிலாஷ் டோமி ஓட்டிய துரியா அதில் ஒன்று. 1968 பந்தயத்தில் வென்ற ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் சுஹைலியை அச்சாக வைத்துக் கோவாவில் கட்டிய இரட்டை மரப் படகு அது. செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தெற்கே புயலில் புரண்டு இரண்டு மரங்களும் போயின. டோமிக்கு முதுகெலும்பில் பலத்த அடி. படுத்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. மூன்று நாள் கழித்து பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் ஒன்று வந்து மீட்டது. அதே புயலில் அயர்லாந்தின் கிரெகர் மெக்கக்கினும் மரங்களை இழந்தார். டிசம்பரில், தென் அமெரிக்காவின் தெற்கு நுனியான ஹார்ன் முனைக்கு மேற்கே பிரிட்டனின் சூசி குடாலின் படகு தலைகுப்புறக் கவிழ்ந்து மரம் போனது. அவருடையதும் ரஸ்லர் 36தான்.

வான் டென் ஹீட்டின் முறை நவம்பர் தொடக்கத்தில் வந்தது. பெரிய முன்னிலையில் இருந்தார். ஹார்ன் முனைக்குச் சுமார் 1,900 கடல் மைல் மேற்கே, ஒரு அலை படகை நிமிர்நிலையிலிருந்து 150 பாகை வரை புரட்டிப் போட்டது. மரம் தலைகீழாகத் தண்ணீருக்குள் போய்த் திரும்பியது. எழுந்து பார்த்தார். மரம் நின்றுகொண்டிருந்தது. ஆனால் கம்பிகள் தொளதொளவென்று ஆடின.

என்ன ஆயிற்று என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மரத்தின் நடு உயரத்தில், ஸ்ப்ரெடர்களுக்கு அருகே, கீழ் ஷ்ரவுட்கள் வந்து மாட்டும் இடம் உண்டு. அலுமினியக் குழாயைக் குறுக்கே துளைத்து ஒரு போல்ட் போகும். அதன் இரு முனையிலும் பட்டை, பட்டையில் கம்பி. படகு புரண்டபோது விழுந்த இழுப்பில் கம்பி அறவில்லை, போல்ட் ஒடியவில்லை, மரமும் முறியவில்லை. போல்ட் இருந்த துளையின் கீழ் உதடு பிய்ந்தது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல எஃகு போல்ட் அலுமினியச் சுவரைக் கிழித்துக்கொண்டு சில சென்டிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. இறங்கிய நீளம் அத்தனையும் கம்பியில் தளர்ச்சியாக வந்தது. மொட்டைமாடி ஆண்டெனா கம்பத்தின் நடுக்கம்பி தளர்ந்த கதை. இனி ஒவ்வொரு அலைக்கும் மரம் நடுவில் வளைந்து வளைந்து திரும்பும்.

சிலியின் வால்பரைசோ துறைமுகத்துக்குப் போய்ச் சரிசெய்யலாம் என்றுதான் முதலில் முடிவு செய்தார். ஒரு இடத்தில் நின்றால் பந்தயத்தின் முதல் பிரிவிலிருந்து விலக வேண்டியதுதான். பிறகு மனசு மாறி, 73 வயதில், ஆடும் மரத்தில் பல தடவை ஏறி, கையில் இருந்ததை வைத்துக் கட்டி இறுக்கி, தொடர்ந்து போனார். ஹார்ன் முனையைத் தாண்டி, பாயை அடக்கி ஓட்டி, 2019 ஜனவரி 29 அன்று லே சாப்ல் தொலோனுக்குள் முதலாவதாக நுழைந்தார். 211 நாள் ஆகியிருந்தது. மொத்தம் ஐந்து பேர்தான் முடித்தார்கள்.

குட்டையாக்கியதால்தான் மரம் நின்றதா? நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. குடாலுக்கு வந்த அலையும் அவருக்கு வந்த அலையும் ஒன்றில்லை. இரண்டாவதாக வந்த மார்க் ஸ்லாட்ஸின் ரஸ்லர் 36ம் மரத்தோடுதான் வீடு திரும்பியது. எனக்குப் படுவது வேறு. குட்டை மரம் தன் வேலையைச் செய்தது. கணக்கில் வராத ஒரு துளையின் உதடு விட்டுக்கொடுத்தது. பயணப் படகுகளில் ரிக் விழுந்த கதைகளைக் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மரம் தானாக ஒடிந்தது என்பது அபூர்வம். எங்கோ ஒரு பின், ஒரு பட்டை, ஒரு முனை முதலில் போயிருக்கும். மரம் ஒடிந்தது அடுத்த நொடியில். அதனால் ரிக்கை மாற்றியமைக்கப் போகிறேன் என்று சொல்பவரிடம் உயரம், வடிவம், பாய்ப் பரப்பு பற்றிப் பேசுவதற்கு முன் மூட்டுகளைப் பார்த்தீர்களா என்று கேட்பதே நியாயம்.

மூட்டைப் பார்ப்பது என்றால் எப்படி? பயணப் படகின் ஷ்ரவுட் பொதுவாக 19 எஃகு இழைகளை முறுக்கிய கம்பி. அதன் முனையில் ஒரு எஃகுக் குழலை இயந்திரத்தில் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். மழையும் உப்புத் துளியும் கம்பி வழியாக இறங்கி வந்து கீழ்முனைக் குழலுக்குள் தங்கும். மேல்முனைக் குழல் தலைகீழாக இருப்பதால் தண்ணீர் வழிந்துவிடும். அதனால் சீக்கு கீழேதான் முதலில் வரும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்திருந்தாலும், அந்தப் பெயரைக் காப்பாற்ற அதற்குக் காற்று வேண்டும். ஆக்சிஜன் புகாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் மேல்படலம் போய், உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கும். வெளியே தெரிவது பழுப்பாக ஒரு கோடும், குழலில் மயிரிழைக் கீறலும் மட்டும்தான். கம்பியில் ஒரு இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கப் பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுப்பார்கள். மீன்முள் மாதிரி துணியில் மாட்டும். வெறுங்கையால் இழுத்துப் பார்ப்பவர் ஒரு தடவைதான் அப்படிச் செய்வார். 19 இழையில் ஒன்று அறுந்தாலே அந்தக் கம்பிக்கு ஓய்வு கொடுக்க வேண்டியதுதான், மற்ற 18ம் அதே வயதுதானே.

செயின்பிளேட் இன்னும் மோசம், கண்ணிலேயே படாது. மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில், மரக்கட்டைக்கும் பசைக்கும் நடுவே மறைந்திருக்கும் இரண்டு விரல் அகலப் பகுதியில்தான் அரிப்பு நடக்கும். கழற்றி எடுத்தால் மேலும் கீழும் கண்ணாடிபோல மின்னும், நடுவில் கரையான் அரித்தமாதிரி குழி. அலுமினிய மரத்தில் எஃகு ஸ்குரூ போட்ட இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். இடையில் காப்புப் பசை தடவாமல் புது ஸ்குரூ போடுகிறவர் புது அரிப்புக்கு அச்சாரம் போடுகிறார். புதிதாக ஏதாவது மாட்டுவதற்காக ஒரே மட்டத்தில் சுற்றிச் சுற்றித் துளை போடுவதும் அப்படித்தான். தபால்தலைத் தாளில் கிழிக்க வசதியாக ஓட்டை போட்டிருப்பார்களே, அதேதான். பல காப்பீட்டு நிறுவனங்கள் பத்து வருடம் தாண்டிய கம்பிகளை மாற்றச் சொல்வதில் வியாபாரம் கொஞ்சம் இருந்தாலும் அர்த்தமும் இருக்கிறது.

மூட்டுகள் சரி என்றால் அப்புறம் ஆசைகளுக்கு வரலாம். நீண்ட பயணம் போகிறவர்களின் முதல் ஆசை பெரும்பாலும் உள் ஸ்டே. ஒற்றை முன்பாய் உள்ள படகில், அதற்குப் பின்னால் இன்னொரு ஸ்டே இழுத்து, புயலுக்கென்று சின்னப் பாய் கட்டுவது. நல்ல மாற்றம்தான், பாயின் பாரம் நடுவுக்கு வரும், பெரிய முன்பாயைப் பாதி சுருட்டிக்கொண்டு அவதிப்பட வேண்டாம். ஆனால் அந்த ஸ்டே மரத்தை நடுவில் பிடித்து முன்னால் இழுக்கும். அதற்கு எதிராகப் பின்னால் இழுக்க ஆள் வேண்டும். அதற்காகப் பின்பக்கம் கழற்றி மாட்டும்படியான இரண்டு ஸ்டேக்கள், ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கும் வேலை. இதைத் தவிர்க்க, உள் ஸ்டேயை உச்சிக்குச் சற்றே கீழே, முன் ஸ்டேக்கு இணையாக ஓட்டிவிடுபவர்களும் உண்டு. கீழ்முனையைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. மேல்தளத்தில் ஒரு வளையத்தைப் போல்ட் போட்டு முடித்துவிடுவார்கள். ஒரு டன்னுக்கு மேல் இழுப்பு வரும்போது தளமே அப்பளம்போல உப்பிக்கொண்டு மேலே வரும். அந்த வளையத்துக்கு நேர் கீழே படகின் உடம்புவரை ஒரு கம்பியோ பட்டையோ போக வேண்டும்.

இப்போது பரவலாக இருக்கும் இன்னொரு மாற்றம், எஃகுக்குப் பதில் டைனீமா என்ற செயற்கை நார்க் கயிறு. தண்ணீரில் மிதக்கும் அளவு லேசு. அதே பருமன் எஃகைவிடப் பலம். நடுக்கடலில் கையாலேயே முனையைப் பின்னிக்கொள்ளலாம். மேலே எடை குறைவதைப் பற்றி முன்னால் சொன்ன இரண்டு பக்கமும் இங்கேயும் பொருந்தும். இதன் குணக்கேடு வேறு இடத்தில் இருக்கிறது. தொடர்ந்து இழுத்து வைத்தால் இம்மி இம்மியாக நீளும். அதனால் பலத்துக்குத் தேவையான பருமனைவிடத் தடியாகப் போட வேண்டும். வெயிலும் உரசலும் ஆகாது. வேடிக்கை ஒன்றும் உண்டு. குளிரில் அலுமினியம் சுருங்கும், டைனீமா எதிர்மாறாகச் சற்று நீளும். வெப்பக் கடலில் விண்ணென்று இறுக்கி வைத்த ரிக், பனிக்கடல் பக்கம் போனதும் தானாகவே தளர்ந்து நிற்கும்.

கம்பியே வேண்டாம் என்று போனவரும் உண்டு. பிரிட்டனின் பிளாண்டி ஹாஸ்லர், 25 அடி ஃபோக்போட் வகைப் படகு ஒன்றில் ஷ்ரவுட், ஸ்டே எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, தன் காலிலேயே நிற்கும் ஒற்றை மரமும் சீனப் படகுகளின் குறுக்குச் சட்டம் வைத்த பாயும் போட்டார். ஜெஸ்டர் என்று பெயர். 1960இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் பந்தயத்தில் அதை 48 நாளில் நியூயார்க்கில் கொண்டுபோய் நிறுத்தி இரண்டாவதாக வந்தார். 40 நாளில் வென்ற பிரான்சிஸ் சிச்செஸ்டரின் படகு அதைவிட மிகப் பெரியது. ஜெஸ்டரில் பாயைச் சுருக்க மேல்தளத்துக்குப் போகவே வேண்டாம், மேலே ஒரு வட்டத் திறப்பு வழியாகத் தலையை நீட்டி உள்ளிருந்தபடியே எல்லாக் கயிறையும் இழுக்கலாம். மூட்டே இல்லையென்றால் மூட்டு விடாது என்பது உண்மைதான். ஆனால் கம்பிகள் தாங்கிய பாரம் எங்கும் போய்விடுவதில்லை. மரம் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்துக்கும் அதன் அடிக்கும் நடுவில், மனித உயரத்துக்குள், அவ்வளவும் வந்து குவியும். அந்த இரண்டு இடங்களையும் படகுக்குள்ளிருந்து பலப்படுத்தாமல் இந்த மாற்றத்தைத் தொடக் கூடாது. காற்றை எதிர்த்து ஏறும்போது வழக்கமான ரிக் அளவுக்கு இது கூர்மையாகப் போவதும் இல்லை.

டோமி திரும்பவும் வந்தார். முதுகில் உலோகத் தண்டுகளோடு 2022 பந்தயத்தில் கிளம்பி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக முடித்தார். இந்தத் தடவை இரட்டை மரம் இல்லை. அவரும் ரஸ்லர் 36க்கு மாறியிருந்தார்.

மரத்தைக் குறைத்துக்கொண்டு தெற்கே போகும் யோசனை ஒன்றும் வான் டென் ஹீட்டின் கண்டுபிடிப்பில்லை. உலகைத் தனியாகச் சுற்றிய முதல் ஆளான ஜோஷுவா ஸ்லோகம், 1895இல் பாஸ்டனிலிருந்து கிளம்பி, மகெல்லன் நீரிணைக்குப் போகும் வழியில் புவனஸ் அயர்ஸில் தன் ஸ்ப்ரே படகின் மரத்தைப் பிடுங்கி 7 அடி குறைத்தார். அந்தப் பயணத்திலேயே படகின் பின்பகுதியில் ஒரு சின்ன மரத்தையும் நட்டு, பெரிய பாயின் சுமையைப் பங்குபோட்டார். முகப்பில் நீட்டிக்கொண்டிருந்த கழியையும் சுமார் 5 அடி வெட்டினார். அப்புறம் அந்தக் கழியின் நுனிவரை போய்ப் பாயைச் சுருக்க வேண்டி வந்தபோது, இன்னும் ஒரு அடி வெட்டியிருக்கலாமே என்று ஒரு தடவைக்கு மேல் அங்கலாய்த்திருக்கிறார்.